வளைந்த பல் சக்கரமும் விடியற்காலை வேலையும்

(தோட்டக் கிளைப் பொதுக்கூட்டத்தில், கிளைச் செயலவை உறுப்பினரான தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய பேச்சு)

 

சம்பளத்தைப் பற்றியும் வீட்டுப் பிரச்சினையைப் பற்றியும் எனக்கு முன் பேசிய தோழர்கள் விளக்கமாகப் பேசிவிட்டார்கள். எனக்கு ஒதுக்கியிருக்கும் விஷயம் சைக்கிள். அதிலும், பல் சக்கரம், கிராங்கு, செயின் ஆகியவை வளைந்துபோனால் எதை வீட்டிலேயே நிமிர்த்தலாம், எதைத் தொடவே கூடாது என்பது. சங்கக் கூட்டத்தில் இது என்ன பேச்சு என்று பின்வரிசையில் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பெரட்டு முடிந்து, இரண்டு கட்டை தூரத்திலுள்ள நிரைக்குப் போகும் வழியில், இருட்டிலே செயின் கழன்று விழுந்தவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்கள் சிரிக்கவில்லை.

பால் மரத்துக்கு நம்முடைய சங்கடம் தெரியாது. விடியும் வேளையில் மரத்துக்குள்ளே நீர் நிறைந்து, பட்டையில் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால் பால் தாராளமாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்க, அழுத்தம் தாழ்ந்து ஓட்டமும் மந்தமாகிவிடும். நான் எடைப் புத்தகம் எழுதுகிறவன். அதே ஆள், அதே நிரை, அதே கத்தி. நேரத்தோடு வெட்டிய நாளும் பிந்தி வெட்டிய நாளும் புத்தகத்திலே ஒரே எண்ணாக வருவதில்லை. செயின் அறுந்து முக்கால் மணி நேரம் பிந்தி வந்த ஒரு தாய்க்கு ஒரு தோட்டத்தில் அரைப் பேர் போட்டதையும் நான் பார்த்திருக்கிறேன். பல் சக்கரம் வளைந்ததால் வரும் நஷ்டம் சைக்கிள் கடையில் கொடுக்கிற காசு மாத்திரமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்றைக்கு நம்மில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறோம். மறுக்கவில்லை. ஆனால் வயதானவர்கள், மோட்டார் சைக்கிள் ஓட்டாத பெண்கள், வங்காள தேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்யும் தோழர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆகியோருக்கு இன்னும் சைக்கிளே கால். லயத்திலே சில வீடுகளில் தாத்தா காலத்து ராலே வண்டி இன்னமும் ஓடுகிறது. பல் சக்கரத்தில் நாரைத் தலைகள் வெட்டியிருக்குமே, அந்த வண்டி. அதை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இன்று வருகிற பல மலிவு வண்டிகளைவிட அதன் இரும்பு நல்ல இரும்பு. நம் கையால் நிமிர்த்தக் கூடியதும் அதுதான்.

முதலில், பல் சக்கரம் ஏன் வளைகிறது? அது எப்போதும் வண்டியின் வலப்பக்கம் இருக்கிறது. பின்னால் பால் வாளியைக் கட்டிய வண்டி வலப்பக்கம் சாய்ந்து ஒரு கல்லின்மேலோ வேரின்மேலோ விழுந்தால், வாளியின் கனம் முழுவதும் அந்தத் தகட்டின் ஓரத்திலே இறங்கும். வடிகால் ஓரம் இடிந்து, வேர்கள் வெளியே துருத்திக் கொண்டிருக்கும் பாதையில் இது தினசரி நடக்கக் கூடியது. தொழிலாளி கவனமில்லாமல் ஓட்டினான் என்று சொல்கிற துரைமார்கள் ஒரு மழை நாளில் அந்தப் பாதையில் நம் வண்டியை ஓட்டிப் பார்க்கட்டும். பாதையைப் பற்றி வேறு தீர்மானம் வருகிறது. அதை அங்கே பேசுவோம். நம்மால் ஆகக் கூடியது ஒன்று உண்டு: வண்டியை மரத்தில் சாய்க்கும்போது இடப்பக்கமாகச் சாயுங்கள்.

சரி, வண்டி விழுந்துவிட்டது. மிதிக்கும்போது செயின் கவரில் ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'கிரீச்' என்று உரசுகிறது. உடனே சுத்தியலை எடுக்காதீர்கள். பதறாத காரியம் சிதறாது. கவரைக் கழற்றுங்கள். சாக்கு விரித்து வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். செயினைப் பல் சக்கரத்திலிருந்து இறக்கிவிடுங்கள். பிறகு இரண்டு கிராங்கையும் இரு கையால் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அச்சின் கப்பு தளர்ந்திருக்கிறது. அதை முதலில் இறுக்க வேண்டும். அச்சு ஆடிக்கொண்டிருக்கும்போது பல் சக்கரம் வளைந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆட்டம் இல்லையென்றால் ஒரு குச்சியை எடுத்து, பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாயில் பழைய டியூப் துண்டால் கட்டுங்கள். அதன் நுனி பல் சக்கரத்தின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும். இப்போது கிராங்கை மெதுவாகச் சுற்றுங்கள். குச்சிக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கண் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

ஓரிடத்தில் மாத்திரம் தகடு வெளியே தள்ளியோ உள்ளே போயோ இருந்தால், விளிம்பு அங்கே அடிபட்டிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். ஒரு பக்கம் முழுவதும் வெளியே, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் உள்ளே என்று சக்கரமே சாய்ந்து சுற்றினால், கோளாறு விளிம்பில் இல்லை; சக்கரத்தைக் கிராங்கோடு பிடித்திருக்கும் கைகளில் இருக்கிறது, அல்லது அச்சில் இருக்கிறது. அச்சின் நுனியை உற்றுப் பாருங்கள். சுற்றும்போது அது நின்ற இடத்தில் சுழலாமல் சின்ன வட்டம் போட்டால் அச்சே வளைந்துவிட்டது. வளைந்த அச்சை நிமிர்த்த வேண்டாம், புதியது போடுங்கள். குண்டுகள் ஓடுகிற பாதையில் கொஞ்சம் கோணல் இருந்தாலும் கப்பைத் தின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. சக்கரம் பக்கவாட்டில் ஆடவில்லை. ஆனால் செயினை மாட்டிச் சுற்றினால் ஓரிடத்தில் இறுகுகிறது, ஓரிடத்தில் தொங்குகிறது. அது மையம் தப்பிய சக்கரம். போல்ட்டால் பிடித்த சக்கரமாக இருந்தால் போல்ட்டைச் சிறிது தளர்த்தி, இறுகும் பக்கத்தில் மரக்கட்டையால் உள்முகமாகத் தட்டி, மறுபடி இறுக்குங்கள். கிராங்கோடு அடித்துச் சேர்த்த சக்கரமானால் அதனோடு வாழ வேண்டியதுதான்: இறுகும் இடத்தில் செயினுக்குக் கொஞ்சம் தளர்ச்சி விட்டுப் பின் சக்கரத்தை இறுக்குங்கள். அரை அங்குலம் மேலும் கீழும் ஆடினால் போதுமானது.

இனி நிமிர்த்தும் வேலை. இரும்புக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்சம் தள்ளினால் கையை எடுத்ததும் திரும்பி வந்துவிடும். எல்லையைத் தாண்டித் தள்ளினால்தான் போன இடத்திலே நிற்கும். அதனால் நேராக வரும் அளவுக்குத் தள்ளினால் போதாது. ஒரு மயிரிழை அதிகம் தள்ள வேண்டும். எவ்வளவு அதிகம் என்பதை உங்கள் வண்டியேதான் சொல்லிக் கொடுக்கும். ஆகையால் முதல் தள்ளு சின்னதாக இருக்கட்டும். குச்சியை வைத்துப் பாருங்கள். மாற்றமில்லையா, இன்னும் சிறிது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஒரே அடியில் நிமிர்த்தப் போகிறவர் மறுபக்கம் வளைத்துவிட்டு, திரும்ப இந்தப் பக்கம் வளைத்து, கடைசியில் தகட்டை உடைத்துவிடுவார். மங்கு மாட்டும் கம்பியை நாலு தரம் அப்படியும் இப்படியும் மடித்தால் ஒடிந்து கையோடு வருகிறதல்லவா? பல் சக்கரமும் அதே ஜாதிதான்.

கருவி என்ன? வாயை அகட்டிக் குறுக்கக் கூடிய பெரிய ஸ்பேனர் ஒன்று போதும். அதன் வாயைத் தகட்டின் கனத்துக்குச் சரியாக மூடி, பல்லின்மேல் அல்ல, பல்லுக்குக் கீழே தகட்டில் பிடிக்கும்படி நுழைத்து, கோடு போட்ட இடத்தில் மெதுவாக நெம்புங்கள். ஸ்பேனர் இல்லையென்றால், வெளியே தள்ளிய இடத்தில் கட்டைத் துண்டை வைத்து அதன்மேல் சுத்தியலால் தட்டலாம். இரும்பின்மேல் இரும்பால் நேரே அடிக்க வேண்டாம். தட்டும்போது மறுபுறம் தகட்டுக்கு ஒரு கனமான கட்டையை முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடி முழுவதும் அச்சுக்குள்ளே போய்க் குண்டுகளின் தலையில் விழும். ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டு வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். கடையில் வாங்கும் புதுச் சக்கரமே அதற்குமேல் நேராக இருப்பதில்லை.

தனிப் பல் வளைந்திருந்தால் அதே ஸ்பேனர் வாயில் பிடித்து ஒரே ஒரு முறை நிமிர்த்தலாம். பிறகு அதன் அடியில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பல் ஒடிந்து போனாலும் செயின் ஓடும். பக்கத்துப் பக்கத்துப் பல் இரண்டு போய்விட்டால் சக்கரத்தை மாற்றிவிடுங்கள். நிரைக்குப் போகும் ஏற்றத்தில்தான் அது காலை வாரும்.

செயினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முறுக்கிக்கொண்ட கண்ணியை நிமிர்த்த முயல வேண்டாம். அந்தக் கண்ணியை எடுத்துவிட்டு வேறு போடுங்கள். பழைய வண்டிச் செயினில் பின்னுக்குப் பின் அரை அங்குலம். ஆக 24 இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம். அடிக்கோலை வைத்து அளந்து, 12 அங்குலத்துக்குமேல் பதினாறில் ஒரு பாகம் நீண்டிருந்தால் செயின் மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பாகம் நீண்டிருந்தால் பல் சக்கரத்தையும் அது தின்று தொடங்கியிருக்கும். இணைப்புக் கண்ணியின் கிளிப்பை மாட்டும்போது, மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்வரிசையில் செயின் முன்னோக்கி ஓடுகிறது. அங்கே கிளிப்பின் மூடிய முனையும் முன்னோக்கி இருக்கட்டும். திருப்பி மாட்டினால் ஏதாவது ஒரு புல் தட்டினாலும் கழன்றுவிடும்.

இப்போது காட்டர் பின்னுக்கு வருகிறேன். பழைய வண்டிகளில் கிராங்கை அச்சோடு பிடித்திருப்பது இந்தச் சின்ன ஆணிதான். நம் சைக்கிள்களில் பாதிக் கோளாறு இதிலேதான். மிதிக்கும்போது 'டக், டக்' என்று பெடல் ஒரு நூல் நழுவுகிறதே, அது கிராங்கு வளைந்ததல்ல, காட்டர் பின் தேய்ந்தது. பலர் நட்டை முறுக்கு முறுக்கு என்று முறுக்கி மரையை அறுத்துவிடுகிறார்கள். நட்டுக்குப் பின்னை இழுக்கும் வேலை கிடையாது. அடித்து இறுக்கிய பின்னைக் கழன்று போகாமல் காப்பதே அதன் வேலை.

கழற்றும்போது நட்டை மரையின் நுனி மட்டத்துக்குக் கொண்டு வந்து நிறுத்துங்கள். அடி மரையில் படாமல் நட்டோடு சேர்ந்து விழும். கிராங்குக்குக் கீழே தரை வரைக்கும் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுங்கள். பின்னின் தலை அந்தக் குழாயின் வாய்க்குள்ளே இறங்க வேண்டும். முட்டில்லாமல் அடிப்பதைப் போல அச்சுக்குக் கேடு வேறில்லை. அடியும் தட்டாமல், தயங்காமல், கனமான சுத்தியலால் ஒரே நேரான அடியாக இருக்கட்டும். பல் சக்கரத்துக்குச் சொன்ன மென்மை இங்கே உதவாது. கொட்டிக் கொட்டி அடித்தால் பின் நசுங்கிப் புடைத்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

புதிய பின் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். 9 மில்லிமீட்டரும் உண்டு, ஒன்பதரையும் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மாட்டும்போது இரண்டு கிராங்கையும் ஒரே நிலைக்குக் கொண்டு வந்து பார்த்தால், இரண்டு பின்னும் ஒரே திசையிலிருந்து நுழைந்திருக்க வேண்டும். எதிரெதிராக நுழைத்தால் இரண்டு பெடலும் நேர்கோட்டில் நிற்காது. சாய்வு முகம் அச்சின் வெட்டில் முழுவதும் படிகிறதா என்று பார்த்து, வேண்டுமானால் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துச் சமப்படுத்துங்கள். முட்டுக் கொடுத்து அடித்து, நட்டை இறுக்கி, இரண்டு கட்டை தூரம் ஓட்டிவிட்டு வந்து இன்னொரு தரம் அடித்து இறுக்குங்கள். இந்த இரண்டாவது அடியை யாரும் செய்வதில்லை. அதனால்தான் இந்தப் பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேய்கிறது.

கிராங்கு நிஜமாகவே வளைந்தால் கால் பெடலின்மேல் இப்படியும் அப்படியும் சாயும். பெடலின் ஆணி வளைந்தாலும் அதே மாதிரிதான் இருக்கும். பிரித்தறிய வழி, நேரான வேறொரு பெடலை வாங்கி அங்கே மாட்டிப் பார்ப்பது. சாய்வு போய்விட்டால் குற்றம் பெடலுடையது, அதை மாற்றிவிடுங்கள். போகவில்லையென்றால் கிராங்கு. ஞாபகமிருக்கட்டும், இடப்பக்கத்துப் பெடலுக்கு மரை தலைகீழ். கழற்றும்போது கடிகார முள் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். இது தெரியாமல் முறுக்கி, குழாய் போட்டு நெம்பி, மரையைப் பாழாக்கியவர்கள் உண்டு. இரும்புக் கிராங்கைக் கழற்றி, இடுக்கிப் பட்டறையில் இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே இறுக்கி, நீளமான குழாயை மாட்டி நிமிர்த்தலாம். வண்டியில் இருக்கும்போதே நெம்பினால் அச்சும் கூடச் சேர்ந்து வளையும். நெருப்பில் காய்ச்ச வேண்டாம். காய்ச்சினால் சுலபமாக நிமிரும், நிமிர்ந்தது போலவே சுலபமாக மறுபடி வளைந்தும் போகும்.

இதுவரை சொன்னதெல்லாம் இரும்புக்கு. இப்போது நான் சொல்லப் போவதை மாத்திரம் தயவு செய்து வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். புது வண்டிகளில் பலவற்றுக்குக் கிராங்கு அலுமினியம். பழைய ரேடியோ ஒலிபெருக்கியிலுள்ள காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் இரும்பல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியக் கிராங்கு வளைந்தால் அதை நிமிர்த்தக் கூடாது. அன்றைக்கு நிமிரும், உள்ளே வெடிப்பு ஓடியிருக்கும், என்றாவது ஒரு நாள், எழுந்து நின்று ஏற்றத்தில் மிதிக்கும்போது, பெடல் திருகும் கண்ணின் ஓரத்தில் பட்டென்று ஒடியும். கால் தரையிலே, முகம் கல்லிலே. முன் சக்கரத்துப் போர்க்கும் அப்படித்தான்: அது இரும்பாகவே இருந்தாலும் வீட்டில் நிமிர்த்தும் சாமானல்ல.

வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். சந்தேகமான இடத்தை மண்ணெண்ணெயில் நனைத்துச் சிறிது நேரம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து வையுங்கள். வெடிப்புக்குள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளையின்மேல் மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அந்தச் சாமானுக்கு வேலை முடிந்தது.

பள்ளிப் பிள்ளைகளின் கியர் சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால், பின்னால் கியர் மாற்றி தொங்குகிறதே, அந்தக் காது உள்ளே வளைந்துவிடும். பெரிய பல்லுக்கு மாற்றும்போது கியர் மாற்றி ஸ்போக்குக்குள்ளே போய்ப் பின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். பெரிய பல்லுக்குப் போகாதே என்று பிள்ளையிடம் சொல்லிவைப்பது பரிகாரமல்ல. காது இரும்பானால் ஒரு சுலபமான வழி உண்டு. கியர் மாற்றியைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் இன்னொரு வண்டியின் பின் சக்கரத்தை அதன் அச்சு முனையாலே திருகுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இரண்டுக்கும் 10 மில்லிமீட்டர் அளவு, ஒரே மரை. இப்போது இரண்டு சக்கரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டும் மேலும் கீழும், முன்னும் பின்னும் சம தூரத்தில் நிற்கும் வரை திருகிய சக்கரத்தையே பிடித்து மெதுவாக வளையுங்கள். நெம்புகோலும் அதுவே, அளவுகோலும் அதுவே. அலுமினியக் காதானால் தனியாகக் கழற்றி மாற்றும்படி செய்திருப்பார்கள், மாற்றிவிடுங்கள்.

ஒரு சங்கக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்கு நேராகப் போகும்போதோ, வேலையிலிருந்து வீட்டுக்கு நேராகத் திரும்பும்போதோ வண்டி ஒடிந்து விழுந்து அடிபட்டால், அது 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி வேலை விபத்தாகவே கருதப்படும். சொக்சோவிலிருந்து உதவி கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அந்தப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். வழியில் வேறு சொந்தக் காரியத்துக்குத் திரும்பியிருந்தால்தான் வழக்கு சிக்கலாகும். ஆகவே, அடிபட்டவர் அன்றைக்கே நிர்வாகத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும். கிளைக்கும் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் போய்ச் சீட்டு வாங்க வேண்டும். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? முழங்காலில் மஞ்சளைப் பூசிக்கொண்டு, முதல் வேலையாக வண்டியை நிமிர்த்தி, ஒடிந்த கிராங்கைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து முழங்கால் வீங்கும்போது கையில் ஒரு சாட்சியும் இருக்காது. ஒடிந்த துண்டை எறியாதீர்கள். தேதி எழுதிக் கட்டி வையுங்கள். வண்டியை நிமிர்த்துவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இடுக்கிப் பட்டறை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். தோட்டத்து ஒர்க்ஷாப்பில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அது சும்மாதான் கிடக்கிறது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, காலையில் இரண்டு மணி நேரம், ஒர்க்ஷாப் தோழர் ஒருவர் மேற்பார்வையில் அதைத் தொழிலாளர்கள் உபயோகிக்க அனுமதி வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் தயாராக இருக்கிறது. இது சலுகையல்ல. தொழிலாளி நேரத்தோடு நிரைக்குப் போய்ச் சேர்ந்தால் தோட்டத்துக்கும் லாபம்தான் என்று அதிலே எழுதியிருக்கிறோம். கடிதத்தை இன்று உங்கள் முன் படித்துக் கையெழுத்து வாங்கப் போகிறோம். வங்காளத் தோழர்களின் கையெழுத்தும் அதில் வேண்டும். அவர்கள் லயத்துக்கு யாராவது இருவர் என்னோடு வாருங்கள்.

பதில் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. குச்சியும் ஸ்பேனரும் கட்டையும் போதுமான வேலைகளை வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கோயில் கொட்டகையிலேயே தொடங்கலாம். வளைந்த வண்டியோடு வாருங்கள். சாக்கு ஒன்றும் பழைய துணியும் கொண்டு வாருங்கள். காட்டர் பின் அடிக்கிற கனமான சுத்தியல் யார் வீட்டில் இருந்தாலும் தயவு செய்து அன்று ஒரு நாள் இரவல் கொடுங்கள்.